போடித் துறைமுகத்துக்கு வந்த ஒரே படகு

போடிநாயக்கனூரில் ஒரு துறைமுகம் இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். பூகோளம் படித்தவர்கள் சிரிப்பார்கள். பூகோளத்தில் தோற்ற நானே முதலில் சிரித்தவன்தான். ஊருக்கு மேற்கே மலை. கிழக்கே கடலைப் பார்க்க வேண்டுமானால் மதுரைக்குப் போய், ரயில் மாறி, தூங்கி எழுந்து, பல் விளக்க வேண்டும். ஆனாலும் துறைமுகம் இருந்தது. அதைத் தனியாளாகக் கட்டி, காற்றையும் அலையையும் வாயாலேயே வரவழைத்து, பல வருஷம் நிர்வாகம் செய்தார் ஒருவர். தண்ணீர் இல்லாமல் துறைமுகம் நடத்திய மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவருக்குப் பெயர் கப்பல்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும். கேட்டால், "அது துறைமுகத்துல வெளுத்துப் போச்சு" என்பார்.

ஐம்பதுகளில், ரயிலடியை ஒட்டியிருந்த ஓர் ஏலக்காய் மண்டியில் நான் கடிதம் எழுதும் குமாஸ்தா. இண்டர்மீடியட்டில் இரண்டு தடவை இங்கிலீஷில் தோற்றவன். "தோத்தா என்ன, ரெண்டு தடவ எழுதியிருக்கான்ல" என்று முதலாளி சேர்த்துக்கொண்டார். அந்த வட்டாரத்தில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். எனக்கு ரைட்டர் என்று பெயர். எழுத்தாளன் என்று இப்போது என்னைச் சொல்பவர்களைவிட, அன்று ரைட்டர் என்று சொன்னவர்கள் அதிகம். சொன்ன குரலில் மரியாதையும் அதிகம்.

மண்டிக்கும் ரயிலடிக்கும் நடுவே கருங்கல் பாவிய ஒரு சரிவு இருந்தது. மேல் முனை ரயில் பெட்டியின் கதவு உயரத்துக்கு. கீழ் முனை சாலை மட்டத்துக்கு. சமவெளியிலிருந்து மலைக்குப் போகும் அரிசி, உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அந்தச் சரிவில் இறங்கி லாரியிலும் ஜீப்பிலும் ஏறும். மலையிலிருந்து வரும் ஏலக்காய் எதிர்த்திசையில் ஏறும். இரண்டு கூட்டமும் நடுவில் முட்டிக்கொள்ளும். மாட்டு வண்டிக்காரர்கள் லாரிக்காரர்களைத் திட்டுவார்கள். லாரிக்காரர்கள் கோவேறு கழுதைகளைத் திட்டுவார்கள். கழுதைகள் பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கத்தும். ஏல நாளில் அங்கே ஓர் எலி குறுக்கே போக வேண்டுமென்றாலும் கப்பலிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

ஏனென்றால் அவர்தான் லோடு மேஸ்திரி. உயரமான ஆள், உடம்பு என்பது பேருக்கு இருந்தது, மீதி எல்லாம் குரல். சரிவின் உச்சியில் மூட்டை அடுக்கின் மேல் நின்றுகொண்டு, "கச்சான் காத்து கெளம்பிருச்சு! தார்ப்பாயைக் கட்டுங்கடா!" என்பார். லாரி பின்வாங்கினால், "நங்கூரத்தப் போடு! போடு!" என்பார், டிரைவர் பிரேக்கை மிதிப்பார். சிலமலையிலிருந்து நிலக்கடலை கொண்டுவந்த ஒரு விவசாயி, நங்கூரம் என்பது வண்டிக்குக் கட்டாயம் வாங்கவேண்டிய புது உருப்படி என்று பயந்து, கடைவீதியில் விலை விசாரித்தார்.

கப்பல் எந்தத் துறைமுகத்தில் வேலை பார்த்தார் என்பது கிழமையைப் பொறுத்தது. திங்கட்கிழமை கொழும்பு. புதன்கிழமை ரங்கூன். வேலை குறைவாக இருந்தால் பினாங்கு வரைக்கும் போவார். ஒரு தடவை, வீடு உயர அலை அடித்தபோது ஒரு கையால் பாய்மரத்தையும் மறு கையால் கப்பித்தானையும் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார்.

மண்டிக் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒச்சம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "அப்ப தலையச் சொறியணும்னா என்ன செஞ்ச?"

"கடல்ல தல அரிக்காது ஆத்தா. உப்புக் காத்து."

"எங்கூட்டுக் கருவாட்டுப் பானையிலயும் அதே காத்துதேன் வருது. நான் ஒருநாளாவது கொளும்பு போனேன்னு சொல்லியிருக்கேனா?"

அவளுக்கும் அவருக்கும் இப்படித் தினமும் நடக்கும். அவள் ஒருத்திதான் அவரை நேருக்கு நேர் சந்தேகப்பட்டவள். அவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி கொடுத்தனுப்பியவளும் அவள் ஒருத்திதான்.

கப்பலிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. முதலாவது, சாயங்காலம் நாலு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு மூட்டை அடுக்கின் உச்சியில் ஏறி, கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு மேற்கே மலையைப் பார்ப்பார். அந்நேரத்தில் குரங்கணிப் பக்கத்திலிருந்து மேகம் இறங்கி மலையின் பாதியை மூடும். ஐந்து நிமிஷம் பேசமாட்டார். நாள் முழுதும் கத்திய குரல் நின்றதும் சரிவே காது அடைத்துக்கொண்டது போல இருக்கும். இறங்கி வந்து, "ம், சோலியப் பாருங்க" என்பார்.

இரண்டாவது, சட்டம். காலி வண்டி மலை ஏறக்கூடாது. மலை பசித்த சாமி, வெறுங்கையோடு வருகிறவர்களை அதற்குப் பிடிக்காது என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கைதான். ஆனால் அதைக் காவல் காத்தவர் கப்பல். பிரசவம் பார்க்க அவசரமாக மேலே போன டாக்டரின் ஜீப்பைக்கூட மறித்து, பின் சீட்டில் ஒரு பூசணிக்காயை வைத்துத்தான் விட்டார். எங்கள் முதலாளி முதலில் இதைக் கேலி செய்தவர். ஒருமுறை வீம்புக்குக் காலி ஜீப்பில் போனார். மூன்றாவது வளைவில் அச்சு முறிந்து, ராத்தங்க இடமில்லாமல் கீழே நடந்து வந்தார். அதற்குப் பிறகு நடந்து மலை ஏறினால்கூடப் பையில் ஒரு பிடி உப்பு வைத்துக்கொண்டார்.

இந்த முதலாளிதான் படகு வாங்கினார்.

சீமைக்குத் திரும்புகிற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து மேலே ஓர் ஏலத்தோட்டத்தை வாங்கியிருந்தார். தோட்டத்துக்குள் ஓடையை மறித்துக் கட்டிய பெரிய குளம் ஒன்று. அதில் துரை படகு விடுவாராம். போகும்போது அந்தப் படகைத் தன் கூட்டாளி ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம். "படகில்லாத கொளம்னா, மாடு குளிப்பாட்டத்தேன் வச்சிருக்கேன்னு நெனப்பானுங்க" என்று முதலாளி தூத்துக்குடிக்குச் சொல்லி ஒரு படகு செய்யச் சொன்னார். கடிதம் எழுதியது நான். அதனால் இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு.

பதினைந்தடிப் படகு. பச்சையும் வெள்ளையுமாகப் பெயின்ட். ஓர் ஏல நாளில், திறந்த கூட்ஸ் வண்டியில் வந்து நின்றது. யுத்தத்தின்போது பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்ட பிறகு போடிக்கு ரயிலில் எவ்வளவோ வந்து இறங்கியிருக்கிறது. ஆனால் இதற்குக் கூடிய கூட்டம், பெண் பார்க்க வந்த கூட்டம் மாதிரி, வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றது.

கப்பல் மூட்டை அடுக்கிலிருந்து இறங்கி வந்தார். படகைச் சுற்றி வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பலகையைத் தொட்டார். மறுபடி சுற்றி வந்தார்.

"என்ன கப்பலு, தம்பியப் பாத்ததும் வாயடச்சுப் போச்சா?" என்றாள் ஒச்சம்மா.

முதலாளி வந்தார். கப்பல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றார்.

"மொதலாளி, இத ஏத்துறதுக்கு எனக்குக் கூலி வேணாம்."

முதலாளி பயந்துவிட்டார். கூலி வேண்டாம் என்கிறவன் அதைவிடப் பெரிதாக ஏதோ கேட்கப்போகிறான் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும்.

"மேல கொளத்துல எறக்குவீகள்ல. எறங்கும்போது நான் உள்ள ஒக்காந்திருக்கணும். ஒரே ஒரு தடவ. அம்புட்டுத்தேன்."

"கொளும்புத் துறமொகத்துல பாக்காத படகாய்யா?"

கப்பல் தலையைக் குனிந்துகொண்டார். "பழகுன கை, மொதலாளி. விட்டுப் போச்சு."

"சரி. ஒரு கீறல் விழாம டிரெயிலர்ல ஏத்து. அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி ஏலத்துக்குப் போனார்.

அந்த மனிதர் அவ்வளவு பயபக்தியோடு ஒரு வேலையைத் தொடங்கி நான் பார்த்ததில்லை. சரிவில் கிழிந்த சாக்குகளை விரித்தார். அதன் மேல் ஏலக்காய்த் தூசி மூட்டைகளை மெத்தை போல அடுக்கினார். பன்னிரண்டு ஆட்களின் கையிலும் வளையம், மோதிரம், தாயத்து எதுவும் இருக்கக்கூடாது என்று கழற்றி வாங்கினார். போன மாதம் கல்யாணமான ஒருவன் மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்றான். "பொண்டாட்டி ஓடிறமாட்டா. கீறல் விழுந்தா நான் செத்துருவேன்" என்றார். கழற்றினான்.

சரிவின் அடியில் டிரெயிலரோடு ஜீப் நின்றது. யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட வண்டி. டிரெயிலர் மேல் படகு உட்காருவதற்காக எங்கள் ஆசாரி ஒரு மரத் தொட்டில் அடித்திருந்தார். தூத்துக்குடிக்காரர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து, முன்பக்கம் கவட்டை மாதிரி குறுகி, பின்பக்கம் அகலமாக. ஜீப் ஓட்டுகிற குட்டப்பன் ஆலப்புழைக்காரன். "கயற்றுன்ன நேரம் விளிச்சா மதி" என்று, ஏற்றும்போது கூப்பிட்டால் போதும் என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தான்.

படகோடு இங்கிலீஷில் ஒரு தாளும் வந்திருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தேன். படகின் முன்பக்கம் இழுக்கிற வண்டியைப் பார்த்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. சத்தமாக மொழிபெயர்த்தேன்.

"இதச் சொல்ல ஒரு தாளா?" என்றார் கப்பல். "டேய், அகலம் ஜீப்பு பக்கம், ஒல்லி வாலுப் பக்கம். திருப்புங்க!"

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது நான் கடற்போர்களைப் பற்றி இரண்டு தடித்த புத்தகங்களைப் படித்து முடித்திருந்தேன். எந்தத் தளபதி எந்தக் கரையில் விழுந்தான் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். படகின் முகம் எது, முதுகு எது என்று எந்தத் தளபதியும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கப்பல் அவ்வளவு உறுதியாகச் சொன்னதும், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கரெக்ட்" என்றேன்.

தட்டையான அகலப் பக்கத்தை முன்னால் வைத்து ஏற்றினார்கள். கீறல் இல்லை. ஆனால் படகு உட்கார மறுத்தது. கவட்டைக்குள் அகலம் நுழையாமல், பூனை தலையை விட்ட சொம்பு மாதிரி ஆடியது. பின்னால் கூர்முனை அகலமான இடத்தில் தடதடவென்று புரண்டது. அதற்குள் சரிவில் பாதை அடைத்துப்போய், மேலே ஏலக்காய் லாரி மூன்று, கீழே அரிசி வண்டி ஏழு, நடுவில் கழுதைகள்.

"ஏ கப்பலு! ஒன் தம்பிய எடுக்கிறியா, நாங்க மேல ஏத்திக்கிட்டுப் போகவா?" என்று ஒரு வண்டிக்காரர் கத்தினார்.

கப்பல் தொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "ஆசாரி தப்பா அடிச்சிட்டாரு. ஆசாரி! உளியக் கொண்டா. வெரசா!"

ஆசாரி, தான் அடித்ததைத் தானே உடைக்க உளியை ஓங்கிய நேரத்தில் குட்டப்பன் டீக்கடையிலிருந்து வந்தான். அவனுக்குப் பின்னால், ஏலம் முடிந்து முதலாளி. குட்டப்பன் படகைப் பார்த்தான். கப்பலைப் பார்த்தான். வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது.

"ஐயோ! சேட்டா, இது எந்தா காட்டியது? வள்ளத்தினெ திரிச்சு வச்சல்லோ! கூர்த்தது அல்லே முன்வசம்? தண்ணியக் கிழிக்கண்டே?"

"அது எப்பிடி?" என்றார் கப்பல். குரல் இன்னும் துறைமுகத்திலேயே இருந்தது. "மூஞ்சி அகலம், வாலு ஒல்லி. மாடு அப்பிடித்தேன். லாரி அப்பிடித்தேன். மீனே அப்பிடித்தேன் இருக்கு. படகு மட்டும் மாறுமா?"

குட்டப்பன் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் மோசம். "சேட்டன் இதுவரெ வள்ளம் கண்டிட்டில்லே?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவ்வளவு பெரிய சரிவில் கழுதைகள்கூட வாயை மூடிக்கொண்டன. கொழும்பு போயிற்று. ரங்கூன் போயிற்று. பாய்மரமும் கப்பித்தானும் ஒன்றாக மூழ்கினார்கள். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒச்சம்மா ஏதாவது சொல்லுவாள் என்று எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் முறத்தை வேகமாகப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் ஏலக்காய் இல்லை.

முதலாளிதான் பேசினார். "படகுக்கு மூஞ்சி எது முதுகு எதுன்னு தெரியாதவனுக்குப் பேரு கப்பலு! கொளத்துல வேற எறங்கணுமாம்ல. போ, போய் மூட்டையத் தூக்குற சோலியப் பாரு!"

கப்பல் போய் மூட்டை அடுக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டார். தவறில் பாதி என்னுடையது. 'கரெக்ட்' என்றவன் நான். பின்னாலேயே போனேன்.

அவர் தலையிலிருந்த சும்மாட்டைக் கழற்றினார். மூட்டை சுமக்கிறவர்கள் தலையில் வைக்கும் துணிச் சுருணை. அதை அவர் பிரித்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே எண்ணெய்க் காகிதம்; அதற்குள் ஒரு கடுதாசி. ஊரே என்னிடம் கடுதாசி கொண்டுவரும். கப்பல் மட்டும் வந்ததில்லை. தேசாந்திரிக்கு எழுத யார் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

"படிங்க ரைட்டரே."

அண்ணன் ரங்கூனிலிருந்து எழுதியது. யுத்தத்துக்கு முந்திய கடிதம். பாதிக்கு மேல் மாட்டைப் பற்றி: செவலை கன்று போட்டதா, கோடி வீட்டுக்காரனிடம் கொடுக்காதே. பிறகு சாப்பாட்டைப் பற்றி: மீன் நாற்றம் தாங்கவில்லை. கடைசியில் கடலைப் பற்றி இரண்டே வரி: 'கப்பலில் மூன்று நாளும் வாந்தி. கடல் ரொம்பப் பெரிசு. மீதியை நீ வந்து பார்த்துக்கொள்.'

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒன்றும் இல்லை.

"அண்ணன் என்னையும் வரச் சொன்னாரு. மதுர டேசன் வரைக்கும் போனேன். வண்டி போயிருச்சு. அடுத்த மாசம் போலாம்னு திரும்பி வந்தேன். அப்பறம் யுத்தம். அங்க குண்டு போட்டாங்ய. அங்கருந்து நடந்தே ஊர் வந்தவுக நெறயப் பேரு. அவரு வரல."

அவருடைய கொழும்பும் ரங்கூனும் பினாங்கும் அந்த இரண்டு வரிக்குள்ளிருந்து வந்தவை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இன்றுவரை நானும் எழுதிப் பிழைக்கிறேன். இரண்டு வரியை வைத்துக்கொண்டு ஒரு சமுத்திரத்தைக் கட்ட எனக்கு வந்ததில்லை.

சரிவில் கூச்சல் ஏறிக்கொண்டே போனது. படகைத் திருப்பிப் போட இடமில்லை. முன்னும் பின்னும் வண்டிகள். ஜீப்பை நகர்த்தவும் வழியில்லை. குட்டப்பன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான். கப்பல் கடுதாசியை மடித்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, சும்மாட்டுக்குள் வைத்து, சும்மாட்டைத் தலையில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் ஒரு கணம் அப்படியே இருந்தார்.

"கடல் எனக்குத் தெரியாது ரைட்டரே," என்றார். "சொம தெரியும்."

எழுந்து போனார். கத்தவில்லை. சாதாரணக் குரலில், நங்கூரம் கிங்கூரம் ஒன்றும் இல்லாமல் சொன்னார்: "டேய், அது படகில்லடா. சரக்கு. சரக்குன்னா தலச்சொம. கவுத்துங்க. ஆளுக்கொரு சும்மாடு. ஒயரம் பாத்து நில்லு. நெட்டையெல்லாம் நடுவுல, குட்டையெல்லாம் ஓரத்துல."

படகு குப்புறக் கவிழ்ந்தது. பன்னிரண்டு பேர் அடியில் நுழைந்தார்கள். கூர்முனைக்கு அடியில் கப்பல். "ஏய் தூக்கு!" என்று ஒரு சத்தம். அடுத்த கணம், பச்சை வெள்ளைப் படகு ஒன்று இருபத்தாறு கால்கள் முளைத்துச் சரிவில் நடக்க ஆரம்பித்தது.

நான் அதற்குப் பிறகு பல ஊர்த் தேர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்கும் வழி அப்படி விலகியதில்லை. அத்தனை நேரம் ஓரங்குலம் கொடுக்காத வண்டிக்காரர்கள் மாட்டைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். படகு சரிவில் மேலேறி, வளைந்து, அரிசி வண்டிகளுக்கு நடுவே புகுந்து, கழுதைகளைச் சுற்றி வந்தது. உள்ளேயிருந்து கப்பலின் குரல் அண்டாவுக்குள் பேசுவது போலக் கேட்டது: "பைய... பைய... எடது காலு... குழியிருக்கு... பைய..." டிரெயிலருக்கு வந்ததும் தலையிலிருந்து தோள், தோளிலிருந்து கை, கையிலிருந்து தொட்டில். தூங்குகிற பிள்ளையைப் பாயில் போடுகிற மாதிரி புரட்டிப் போட்டார்கள். கூர்முனை கவட்டைக்குள் நச்சென்று உட்கார்ந்தது.

முதலாளி விரலால் தடவியபடி படகை ஒருமுறை சுற்றி வந்தார். கீறல் இல்லை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ம், நேரமாச்சு. கெளம்பு" என்று ஜீப்பில் ஏறினார். காகிதங்களோடு நானும் ஏறினேன். குட்டப்பன் வண்டியைக் கிளப்பினான். கப்பல் வாங்கி வைத்த மோதிரத்தைப் புது மாப்பிள்ளையிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

"நிப்பாட்டு!"

ஒச்சம்மா. முறத்தோடு வந்து ஜீப்பின் முன்னால் நின்றாள்.

"படகு காலியா இருக்கே மொதலாளி. காலி வண்டி மல ஏறலாமா?"

முதலாளியின் முகம் மாறியது. மூன்றாவது வளைவு ஞாபகம் வந்திருக்கும். "அதுவும் சரிதேன். டேய், நாலு மூட்ட அரிசியத் தூக்கிப் போடு!"

"சாக்கு உரசியா பெயின்ட் போகும், மொதலாளி," என்றான் குட்டப்பன் ரோட்டைப் பார்த்தபடி. "உரசாத்த லோடு வேணும்."

"உரசாத லோடுக்கு நான் எங்கிட்டுப் போக? பூசணிக்கா?"

"உருண்டு ஒடைக்கும்" என்றாள் ஒச்சம்மா. "எலும்புந் தோலுமா ஒரு லோடு அங்கன நின்னுக்கிட்டிருக்கு. உருளாது. சொன்னா சொன்ன எடத்துல ஒக்காரும். என்ன, வாயத்தேன் கட்டணும்."

முதலாளி அவளைப் பார்த்தார். குட்டப்பனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அன்று "கரெக்ட்" என்றேன்.

"ஏத்துங்கடா லோட!" என்றார் முதலாளி.

பன்னிரண்டு பேரும் கப்பலைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் படகுக்குள் வைத்தார்கள். அவர் வளையம் எதுவும் போட்டிருக்கிறாரா என்று புது மாப்பிள்ளை சோதித்துப் பார்த்தான்.

இப்படித்தான் போடிநாயக்கனூரிலிருந்து ஒரு படகு மலையேறியது. வளைவுக்கு வளைவு ஜீப் முனகியது. நான் பின் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். கப்பல் நடுப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தனை தூரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் என்ஜின் சூடேறிவிட்டது என்று குட்டப்பன் நிறுத்தினான். மணி நாலு இருக்கும். கீழே மேகம் இறங்கியிருந்தது. போடி இல்லை, சிலமலை இல்லை, தேவாரம் ஊர்க் காடு கழனி இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளையாக, மெல்ல அசைந்தபடி, மலையடியில் வந்து வந்து மோதிக்கொண்டிருந்தது.

கப்பல் வழக்கம்போலக் கையைப் புருவத்தில் வைத்தார். பார்த்தபடியே கேட்டார்:

"ரைட்டரே, நீங்க படிச்சவுக. கடலு இப்பிடித்தேன் இருக்குமா?"

நானும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை என்பதை யாரிடமும் சொன்னதில்லை. "இப்படியேதான் அண்ணே," என்றேன்.

குளத்தில் படகை இறக்கும்போது அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். குட்டப்பன் துடுப்புப் போட்டான். அசையாத தண்ணீர், ஒரு தவளை குதித்தால் வளையம் கரைக்கு வந்து சேரும் அளவு அமைதி. பத்தடி போனார்கள். இருபதடி. திடீரென்று கப்பல் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எக்கி, குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுத்தார். ஐயோ என்று நாங்கள் கரையில் பதறினோம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எந்த மாப்பிள்ளை முகத்திலும் பார்த்ததில்லை.

"ரைட்டரே! நெசந்தேன்! அண்ணன் எழுதினது அம்புட்டும் நெசம்!" என்று மலை எதிரொலிக்கக் கத்தினார். கத்திவிட்டு மறுபடி குனிந்தார்.

மறுநாள் சரிவில் ஏலக்காய் லாரி பின்வாங்கியபோது, "நங்கூரத்தப் போடு!" என்ற குரல் கேட்டது. "நேத்து என்ன ஆச்சு கடல்ல?" என்று ஒச்சம்மா கேட்க, "புயலு ஆத்தா, பெரும் புயலு" என்று ஆரம்பித்தார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக, குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டாள்.

நான் கடலைப் பார்த்தது அதற்கு எட்டு வருஷம் கழித்து, பட்டணத்தில் பத்திரிகை வேலை கிடைத்த பிறகு. கரையில் அரை மணி நேரம் நின்றேன். அதுவரை படித்திருந்த வர்ணனை ஒன்றும் ஞாபகம் வரவில்லை. திரும்புகிற வழியில் ஒரு கார்டு வாங்கி மண்டி விலாசத்துக்கு எழுதிப் போட்டேன்: 'கப்பலண்ணே, கடல் ரொம்பப் பெரிசு. மீதியை நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.'

அவர் வரவில்லை. ஆனால் மண்டிக்குப் புதிதாக வந்திருந்த குமாஸ்தா பிறகு ஒருமுறை எழுதினான்: அந்தக் கார்டை ஒரே ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். பிறகு தலையிலிருந்த சும்மாட்டைக் கழற்றிப் பிரித்தாராம்.